கோஹாவில் செய்யும் திருத்தங்களை மூலத் திட்டத்துக்கு அனுப்ப வைப்பது எப்படி?

நூலகர்_நெல்லை (கேள்வி):
வணக்கம். எங்கள் பகுதிக் கல்லூரி நூலகங்கள் சிலவற்றில் கோஹா என்ற திறமூல நூலக மேலாண்மை மென்பொருள் பயன்பாட்டில் இருக்கிறது. ரசீதிலோ தேடல் பக்கத்திலோ குறை தென்பட்டால், நண்பர்கள் தங்கள் சர்வரில் உள்ள கோப்பையே திருத்திவிடுகிறார்கள். அடுத்த பதிப்பை நிறுவியதும் அது அழிந்துபோக, மறுபடியும் அதே வேலையைச் செய்கிறார்கள். கோஹாவை உருவாக்கும் மூலத் திட்டத்துக்கு அனுப்பலாமே என்றால், "நாங்கள் நூலகர்கள்தானே, புரோகிராமர்களா?" என்று ஒதுங்குகிறார்கள். இவர்களை எப்படி ஈடுபடுத்துவது?

பெர்ல்_பித்தன்:
நிரல் எழுதச் சொல்லித் தொடங்காதீர்கள். நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக உருவாகி, 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்த இந்த மென்பொருளில் நூலகர்களுக்கென்றே ஒரு வேலை இருக்கிறது. வழுக்களையும் (மென்பொருள் கோளாறுகள்) அவற்றுக்கான திருத்தங்களையும் பதியும் பக்ஸில்லா தளத்தில் உள்ள ஒவ்வொரு திருத்தத்தையும் எழுதியவர் அல்லாத ஒருவர் சோதித்து 'சைன்-ஆஃப்' கொடுத்த பிறகே தரச்சோதனைக் குழு அதைக் கையில் எடுக்கும். ஆள் இல்லாமல் திருத்தங்கள் தேங்குவது இந்த முதல் படியில்தான். சாண்ட்பாக்ஸ் என்ற சோதனைத் தளத்தில் வழு எண்ணைக் கொடுத்தால், அந்தத் திருத்தம் சேர்க்கப்பட்ட தனிக் கோஹா உலாவியிலேயே கிடைக்கும். திருத்தத்தோடு உள்ள சோதனைப் படிகளைச் செய்துபார்த்து, சரியென்றால் அங்கிருந்தே ஒப்புதல் தரலாம். நூல் வழங்கலின் நெளிவுசுளிவுகளை நூலகரைவிட வேறு யார் அறிவார்?

மெட்டாடேட்டா_மணி:
ஒரு மறுப்பு. நண்பர்கள் செய்யும் எல்லாம் அனுப்பவேண்டிய திருத்தங்களா என்று முதலில் பாருங்கள். ரசீதின் வாசகத்தை கோஹாவுக்குள்ளேயே உள்ள 'நோட்டீசஸ் அண்ட் ஸ்லிப்ஸ்' பகுதியிலும், தேடல் பக்கத்தின் தோற்றத்தை 'ஓபேக்-யூசர்-சிஎஸ்எஸ்' அமைப்பிலும் மாற்றினால் பதிப்பு மாறினாலும் அவை நிலைக்கும். கோப்பைத் தொடவே வேண்டாம். மாற்றம் ஏதும் செய்யாத கோஹாவிலும் அதே கோளாறு தெரிந்தால் மட்டும், பதிப்பு எண்ணையும் கோளாறை வரவழைக்கும் படிகளையும் எழுதி வழுவாகப் பதியுங்கள். திருத்தம் இல்லாத வழு அறிக்கையும் பங்களிப்புதான்.

நூலகர்_நெல்லை:
மிக்க நன்றி. ஒருவர் ஏற்கெனவே நிரலைத் திருத்தி வைத்திருக்கிறார். நிரல் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் 'கிட்' என்ற கருவி அவருக்குத் தெரியாது. என்ன செய்யலாம்?

பெர்ல்_பித்தன்:
உங்களில் ஒருவர் மட்டும், கோஹாவைத் தன் கணினியில் இயக்கிச் சோதிக்க உதவும் கோஹா-டெஸ்டிங்-டாக்கரை நிறுவிக்கொண்டு, மற்றவர்களின் மாற்றங்களையும் பேட்ச் (மாற்றங்களை மட்டும் கொண்ட கோப்பு) ஆக்கிப் பக்ஸில்லாவில் பதிவேற்றட்டும். ஆனால் ஆசிரியர் இடத்தில் திருத்தியவரின் பெயரே இருக்கவேண்டும். ஏற்கப்பட்டால் கோஹாவின் 'அபவுட்' பக்கத்திலுள்ள பங்களிப்பாளர் பட்டியலில் அந்தப் பெயர் இடம்பெறும். மேலதிகாரியிடம் காட்ட அதுவே போதும். புதிய வசதி என்றால் மே அல்லது நவம்பர் வெளியீடு வரை பொறுக்கவேண்டும். சிறிய வழுத்திருத்தங்கள் மாதாந்தரப் பராமரிப்பு வெளியீடுகளிலேயே வந்துவிடக்கூடும்.