லாக்கப் அடி வழக்குகள்: இன்னும் உறுத்துற ஒரே ஒரு விஷயம்

கட்டுக்காகிதம்: எனக்கு உறுத்துறது சாத்தான்குளம் எஃப்.ஐ.ஆர்ல போலீஸ் எழுதின ஒரு வரிதான். 2020 ஜூன் 19. பிடிச்சுட்டுப் போன அப்பா ஜெயராஜும் மகன் பென்னிக்ஸும் தரையில உருண்டு புரண்டதால ஊமைக்காயமாம். ஊமைக்காயம்னா ரத்தம் வெளிய வராது. இங்கயோ ரத்தம் நிக்காம லுங்கி மாத்திக்கிட்டே இருந்திருக்காங்க. அதுக்கப்புறமும் ரிமாண்டுக்குத் தகுதின்னு டாக்டர் சர்டிபிகேட் கொடுத்தாச்சு. ரெண்டு பேரும் கோவில்பட்டி கிளைச்சிறைக்குப் போய் நாலு நாளுக்குள்ள செத்துட்டாங்க.

ஹார்ட்டிஸ்க்: எனக்கு உறுத்துறது சிசிடிவி கேமராதான். அதே ஸ்டேஷன்ல 1 டிபி டிஸ்க், ஆனா அன்னன்னிக்குப் பதிவு தானா அழியிற மாதிரி செட்டிங். விசாரிக்கப் போன மாஜிஸ்திரேட் அறிக்கையிலயே இருக்கு. ராத்திரி டூட்டில இருந்த பெண் ஏட்டு வாய் திறக்கலன்னா என்ன ஆகியிருக்கும்? 2020 டிசம்பர்ல உச்ச நீதிமன்றம் பதிவை 18 மாசம், முடியலன்னா குறைஞ்சது ஒரு வருஷம் வைக்கணும்னு சொல்லிடுச்சு. ஆனா அன்னிக்கே பதிவைப் பாதுகாக்கச் சொல்லி கோர்ட்ல மனு போட்டாத்தான் மிஞ்சும். மத்தபடி, டூட்டில செஞ்சதுக்கு அதிகாரி மேல வழக்கு நடத்த அரசு அனுமதி வேணும்னு பழைய குற்ற நடைமுறைச் சட்டத்துல இருந்த 197வது பிரிவு எல்லாம் சும்மா சாக்கு, அடிக்கிறது டூட்டியே இல்ல.

படிக்கட்டு: ஹார்ட்டிஸ்க், அவ்வளவு லேசா சொல்லாதீங்க. 2020ல தேவராஜா வழக்குல உச்ச நீதிமன்றம் சொன்னது வேற: வரம்பு மீறினாலும் கடமையோட நியாயமான தொடர்பு இருந்தா அனுமதி வேணும். போலீஸ் தரப்பு எடுத்ததும் நீட்டுறது அதைத்தான். ஆனா அந்தப் பாதுகாப்பு, அரசு மட்டுமே பதவி நீக்கக்கூடிய அதிகாரிக்குத்தான். ஏட்டு, கான்ஸ்டபிளுக்கும் அதை நீட்டிச்சு அரசு போட்ட 197(3) அறிவிக்கை இருக்கான்னு முதல்ல பாருங்க. இப்ப அந்த 197க்குப் பதிலா வந்தது புது குற்ற நடைமுறைச் சட்டமான பிஎன்எஸ்எஸ் 218: 120 நாள்ல அரசு முடிவு சொல்லலன்னா அனுமதி கொடுத்ததா அர்த்தம். அனுமதி கேட்ட மனு அரசுக்குப் போய்ச் சேர்ந்த தேதிக்கு ரசீது இல்லன்னா அந்த 120ஐ எங்க இருந்து எண்ணுவீங்க?

லத்திக்கோடு: யாரும் கேக்கலதான், இருந்தாலும் சொல்றேன். எல்லாரும் சட்டப் பிரிவுலயே நிக்கிறீங்க, கேஸ் தோத்துப்போறது டாக்டர் எழுதுற காயக் குறிப்புல. சதைப்பிடிப்பான இடத்துல லத்தி பட்டா தண்டவாளம் மாதிரி ரெண்டு இணைகோடு விழும், நடுவுல வெளிறியிருக்கும். பாத்ரூம்ல வழுக்கி விழுந்தவனுக்கு முட்டி, முழங்கை, நெத்தின்னு எலும்பு துருத்துற இடத்துலதான் அடிபடும். விழுந்ததால பிட்டம், தொடைப் பின்பக்கம், உள்ளங்கால்ல இணைகோடு வராது. டாக்டர் ‘கன்றிய காயம்’னு மட்டும் எழுதினா அந்த வித்தியாசமே செத்துப்போச்சு. நீளம், அகலம், நிறம், இடம் எல்லாம் வேணும். பக்கத்துல ஸ்கேல் வச்சு போட்டோ எடுக்கச் சொல்லுங்க. கன்றல் மறுநாள்தான் நல்லாத் தெரியும், அதனால ரெண்டாவது பரிசோதனை கேளுங்க. உள்ளங்கால்னா எக்ஸ்ரேயும் சேத்து. பிஎன்எஸ்எஸ் 53படி அறிக்கை நகல் கைதானவருக்கோ அவர் சொல்ற ஆளுக்கோ கொடுத்தாகணும். பெரும்பாலும் யாருமே கேட்டு வாங்கறதில்ல. இந்தக் குறிப்பு சரியா இருந்தா, வாக்குமூலத்துக்காக அடிச்சதுக்கு புது தண்டனைச் சட்டமான பிஎன்எஸ் 120: சாதாரணக் காயம்னா 7 வருஷம் வரைக்கும், கொடுங்காயம்னா 10.

கட்டுக்காகிதம்: நகலை யார் பேர்ல கேக்கணும், அதையும் சொல்லுங்க. உள்ள இருக்கறவர் கையெழுத்து போடுற நிலைமையில இருக்க மாட்டாரே.

லத்திக்கோடு: ரிமாண்டு அன்னிக்கே மாஜிஸ்திரேட் முன்னாடி ஆள் பேரைச் சொல்லி, அதை உத்தரவுல எழுத வைக்கணும். வக்கீலும் அப்ப பக்கத்துல நிக்கணும்.