கிருமி செத்த பிறகும் மூளையுறை அழற்சி அடங்காதது ஏன்?

கேள்வி: நுண்ணுயிரியல் மாணவி

பாக்டீரியாவால் வரும் மூளையுறை அழற்சியை (மெனின்ஜைட்டிஸ்) படிக்கும்போது ஒன்று பிடிபடவில்லை. நியூமோகாக்கஸ் கிருமியை செஃப்ட்ரையாக்சோன் என்னும் ஆன்டிபயாடிக் விரைவாகக் கொன்றுவிடுகிறது. மருந்து தொடங்கி ஒரு நாள் கழித்து முதுகுத்தண்டு நீரை எடுத்து வளர்த்துப் பார்த்தால் பெரும்பாலும் எதுவும் வளர்வதில்லை. ஆனாலும் சில நோயாளிகளின் நிலை அதற்குப் பின்னும் மோசமாகிறது; பிழைத்தவர்களிலும் காது கேளாமல் போகிறவர்கள் உண்டு. இதற்கிடையில், நோய் எதிர்ப்பை அடக்கும் டெக்சாமெத்தசோனை ஆன்டிபயாடிக்குக்குச் சற்று முன்போ அதனுடனோ கொடுக்கச் சொல்கிறார்கள். எதிர்ப்பை அடக்கினால் கிருமிக்குத்தானே சாதகம்?

பதில் 1: ஓய்வுபெற்ற நோயியல் ஆசிரியர்

நல்ல கேள்வி, அம்மா. மூளையையும் முதுகுத்தண்டையும் சூழ்ந்த நீரில் இயல்பாக ஒரு கன மில்லிமீட்டருக்கு ஐந்துக்கும் குறைவான வெள்ளையணுக்களே இருக்கும். எதிர்ப்பொருள்களும், கிருமியை எதிர்க்கத் துணைநிற்கும் நிரப்புப் புரதங்களும் மிகக் குறைவு. ஆகவே உள்ளே நுழைந்த கிருமி தடையின்றிப் பெருகிவிடுகிறது. உடல் விழித்துக்கொள்ளும்போது வெள்ளையணுக்கள் ஆயிரக்கணக்கில் வந்து குவிகின்றன. தெளிந்த தண்ணீர் போல் சொட்ட வேண்டிய முதுகுத்தண்டு நீர் குழாயில் கலங்கலாக இறங்குவது அதனால்தான்.

இந்தப் படையைத் தூண்டுவது எது என்பதை 1980களில் எலைன் டூமனென் குழுவினர் முயல்களில் ஆராய்ந்தார்கள். உயிருள்ள கிருமியே இல்லாமல், நியூமோகாக்கஸின் செல்சுவரை மட்டும் பிரித்தெடுத்து மூளை நீரில் செலுத்தியபோதும் கடும் அழற்சி எழுந்தது. கிருமியின் வெளிப்போர்வையான சர்க்கரைப் பொருளுக்கு அந்த வலிமை இல்லை. என் கணிப்பில், இத்துறையின் போக்கையே மாற்றிய சோதனை இதுதான். பெனிசிலினும் செஃப்ட்ரையாக்சோன் போன்ற அதன் உறவு மருந்துகளும் கிருமியைச் சுவர் உடைந்து சிதறச் செய்தே கொல்கின்றன என்பதை இதனுடன் சேர்த்துப் பாருங்கள்: முதல் ஊசி போட்டவுடன் சுவர்த் துண்டுகளும், நியூமோலைசின் என்னும் நஞ்சும் ஒரே வீச்சில் வெளியே கொட்டுகின்றன. அவற்றை உணரும் செல்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-1 ஆகிய அழற்சித் தூதுப் புரதங்களைச் சுரக்க, அவற்றால் ஈர்க்கப்பட்டு வரும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளையணுக்கள் உமிழும் ஆக்சிஜன் நச்சுகளும் புரதம் அரிக்கும் நொதிகளும் ரத்தத்துக்கும் மூளைக்கும் இடையிலான தடுப்பைத் தளர்த்துகின்றன. நீர் கசிந்து மூளை வீங்குகிறது. மண்டையோடு விரிந்துகொடுக்காததால் உள்ளழுத்தம் ஏறி ரத்த ஓட்டம் குறைகிறது. அழற்சி உட்காதின் நத்தை எலும்புவரை பரவுவதால்தான் செவித்திறன் போகிறது.

டெக்சாமெத்தசோன் தடுப்பது இந்தச் சுரப்பைத்தான். சுரப்பு தொடங்கிய பின் கொடுத்தால் பயன் குறைந்துவிடும் என்பதால் நேரம் முக்கியம். 2002இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் 301 பெரியவர்களுக்கு மருந்தோ போலி மருந்தோ தரப்பட்டது. இறப்பு 15 விழுக்காட்டிலிருந்து 7 விழுக்காடாகக் குறைந்தது. நியூமோகாக்கஸ் நோயாளிகளை மட்டும் எடுத்துக்கொண்டால் 34 விழுக்காடு 14 ஆனது.

பதில் 2: வார்டு மருத்துவர்

ஐயா சொன்ன செயல்முறையில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் 2002ஆம் ஆண்டு முடிவை எல்லா ஊருக்கும் பொதுவாக்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. மலாவி நாட்டின் பிளான்டையரில் 465 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 2007இல் வெளியானது. அங்கே நாற்பதாம் நாளில் டெக்சாமெத்தசோன் பெற்றவர்களில் 56 விழுக்காட்டினரும் பெறாதவர்களில் 53 விழுக்காட்டினரும் இறந்திருந்தார்கள். மருந்தால் பயன் எதுவும் தெரியவில்லை. அந்நோயாளிகளில் சுமார் 90 விழுக்காட்டினருக்கு எச்.ஐ.வி. இருந்தது, பலர் மிகவும் தாமதமாகவே மருத்துவமனைக்கு வந்தார்கள். அதே ஆண்டு வியட்நாமின் ஹோ சி மின் நகரிலிருந்து வந்த 435 பேர் ஆய்விலோ, பாக்டீரியா என்று ஆய்வகத்தில் உறுதியானவர்களுக்கு மட்டும் நன்மை தெரிந்தது. ஆகவே எதிர்ப்பாற்றல் ஏற்கெனவே குலைந்திருக்கும் உடலில், அல்லது சேதம் முற்றிய பிறகு, அழற்சியை அடக்குவதால் மிஞ்சுவது அதிகமில்லை என்றே நான் புரிந்துகொள்கிறேன். வீக்கத்தைக் குறைக்கும் என்று நம்பி மலாவியில் கிளிசரால் கொடுத்துப் பார்த்தார்கள், பிரான்சில் உடலைக் குளிர்வித்துப் பார்த்தார்கள். இரண்டும் தீங்கு செய்யும் அறிகுறி தெரிந்ததால் பாதியில் நிறுத்தப்பட்டன.

மீண்டும் மாணவி

இருவருக்கும் நன்றி. அப்படியானால், சுவரைச் சிதறடிக்காமல் கிருமியைக் கொல்லும் ஆன்டிபயாடிக்கைத் தேடுவதுதானே நேர்வழி?

பதில் 3: ஓய்வுபெற்ற நோயியல் ஆசிரியர்

அந்த வழியிலும் போயிருக்கிறார்கள். ரிஃபாம்பிசின் என்னும் ஆன்டிபயாடிக் சுவரைத் தொடாமல் கிருமியின் ஆர்.என்.ஏ. உற்பத்தியை நிறுத்துவதால் நஞ்சு வெளியேறுவது குறைகிறது. ஜெர்மனியின் கோட்டிங்கன் குழுவினர் எலிகளில் செஃப்ட்ரையாக்சோனைவிட அதில் இறப்பு குறைந்ததைக் கண்டார்கள். சிக்கல் என்னவென்றால், ரிஃபாம்பிசினைத் தனியாகக் கொடுத்தால் கிருமி மிக எளிதில் எதிர்ப்புத்திறன் பெற்றுவிடும்; ஆகவே நோயாளிக்கு அதை மட்டும் நம்பிக் கொடுக்க முடியாது. அழற்சியை வளர்க்கும் சி5 என்னும் நிரப்புப் புரதத்தைத் தடுப்பதும் விலங்குகளில் நம்பிக்கை தருகிறது. உங்கள் ஆய்வுக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் அங்கிருந்து தொடங்கலாம்.