குடியேற்றச் சோதனையில் தோற்றமும் ஒரு காரணமாகலாமா? அமெரிக்கச் சட்டம் உண்மையில் என்ன சொல்கிறது?

கரைவாசி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். நான் அமெரிக்காவில் கிரீன் கார்டுடன் வசிப்பவன். சட்டம் படித்தவன் அல்லன். லாஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் நடந்த குடியேற்றச் சோதனைகள் தொடர்பான வழக்கில் 2025 செப்டம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவைப் பற்றி ஒன்றுக்கொன்று முரணான இரண்டு விளக்கங்களைப் படித்துவிட்டுக் குழம்பியிருக்கிறேன். தோற்றத்தைப் பார்த்து யாரையும் நிறுத்தலாம் என்று நீதிமன்றமே அனுமதித்துவிட்டதாக ஒரு சாரார் எழுதுகிறார்கள். பழைய விதி அப்படியே இருக்கிறது, கீழ் நீதிமன்றம் விதித்த தடை மட்டுமே நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது என்று மற்றவர்கள் எழுதுகிறார்கள். இரு தரப்பிலும் எழுதுவோர் விவரம் அறிந்தவர்களாகவே தெரிகிறார்கள்.

இதே நீதிமன்றம்தான் 2023இல், பல்கலைக்கழகச் சேர்க்கையில் விண்ணப்பதாரரின் இனத்தைக் கணக்கில் கொள்வது அரசியலமைப்புக்கு முரணானது என்று தீர்ப்பளித்தது. கல்லூரி வாசலில் பார்க்கக் கூடாத இனத்தைப் பேருந்து நிறுத்தத்தில் பார்க்கலாம் என்றால், அதற்கான சட்ட அடிப்படை எங்கிருந்து வருகிறது? அரசியல் சண்டை வேண்டாம். தீர்ப்புகளைப் படித்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ஏட்டுச்சுவடி:

நீங்கள் படித்த இரண்டு விளக்கங்களும் பாதி சரி. அடிப்படை எங்கிருந்து வருகிறது என்பதைப் புரிந்துகொள்ள 1975ஆம் ஆண்டுக்குப் போக வேண்டும்.

கலிபோர்னியாவில் சான் கிளெமென்ட்டே என்ற ஊருக்கு அருகில் நெடுஞ்சாலைச் சோதனைச் சாவடி ஒன்று உண்டு. வானிலை காரணமாக அது மூடப்பட்டிருந்த ஓர் இரவில், சாலையோரம் வண்டியை நிறுத்திக் கண்காணித்துக்கொண்டிருந்த எல்லைக் காவல் அதிகாரிகள் ஒரு காரைத் துரத்தி நிறுத்தினார்கள். காரிலிருந்த மூவரும் மெக்சிக வம்சாவளியினராகத் தோன்றினார்கள் என்பதைத் தவிர அவர்கள் வேறு காரணம் கூறவில்லை. பிரிக்னோனி-பொன்சே வழக்கு என்று அறியப்படும் அந்த வழக்கில், தோற்றம் ஒன்றை மட்டும் கொண்டு வண்டியை நிறுத்தியது தவறு என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீர்ப்பை எழுதியவர் நீதிபதி பவல். அத்தோடு அவர் நிறுத்தியிருந்தால் இன்றைய விவாதத்திற்கே இடமிருந்திருக்காது. மெக்சிகத் தோற்றமுள்ள ஒருவர் வெளிநாட்டவராக இருப்பதற்கான வாய்ப்பு கணிசமானது என்பதால், தோற்றம் 'தொடர்புடைய ஒரு காரணி' ஆகலாம் என்றும் அதே தீர்ப்பில் சேர்த்துவிட்டார். எல்லைக்கு எவ்வளவு அருகில், அந்தச் சாலையில் வழக்கமாக எத்தகைய போக்குவரத்து, ஓட்டுநர் எப்படி நடந்துகொண்டார், வண்டி எந்த வகை என்றெல்லாம் பிற காரணிகளைப் பட்டியலிட்டபோது, மெக்சிகோவில் வாழ்வோருக்கே உரிய உடை, முடிவெட்டு ஆகியவற்றையும் அவர் விட்டுவைக்கவில்லை.

மறு ஆண்டு, 1976இல், அதே சாவடி தொடர்பான மார்ட்டினெஸ்-ஃபுவெர்ட்டே வழக்கு வந்தது. நிலையான சாவடியில் சிலரை மட்டும் ஒதுக்கி மேல்விசாரணைக்கு அனுப்புவது பெருமளவு மெக்சிகத் தோற்றத்தின் அடிப்படையிலேயே நடக்கிறது என்று வைத்துக்கொண்டாலும் அதில் அரசியலமைப்பு மீறல் இல்லை என்று நீதிமன்றம் கூறியது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் உச்ச நீதிமன்றம் இதுவரை கைவிடவில்லை. கல்லூரிச் சேர்க்கை வழக்கு, சட்டம் அனைவரையும் சமமாக நடத்த வேண்டும் என்ற சமப் பாதுகாப்புக் கோட்பாட்டின்படி தீர்க்கப்பட்டது. இவையோ அரசியலமைப்பின் 4ஆம் திருத்தத்தின்படி, அதாவது தடுத்து நிறுத்தியது நியாயமானதா என்ற ஒரே அளவுகோலால் தீர்க்கப்பட்டவை. இரண்டு கோட்பாடுகளும் தனித்தனித் தடத்தில் வளர்ந்துவிட்டன. அவற்றை ஒன்றோடொன்று உரசிப் பார்க்க உச்ச நீதிமன்றம் விரும்பியதில்லை என்பது என் கருத்து.

கீழ் நீதிமன்றங்கள் சும்மா இருக்கவில்லை. கலிபோர்னியா உள்ளிட்ட மேற்கு மாநிலங்களுக்கான 9ஆம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் 2000இல் மொன்டேரோ-கமார்கோ வழக்கில், ஹிஸ்பானிக் மக்களே பெரும்பான்மையாக வாழும் பகுதியில் ஹிஸ்பானிக் தோற்றம் எதையும் நிரூபிக்காது, எனவே சந்தேகத்திற்கான காரணிகளில் அதைச் சேர்க்கக் கூடாது என்றது. (வேடிக்கை என்னவென்றால், பிற காரணங்களைக் கொண்டு அந்த வண்டிகளை நிறுத்தியது செல்லும் என்றே முடிவாயிற்று.)

இனி 2025க்கு வருவோம். ஜூலை 11 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் மாவட்ட நீதிபதி பிறப்பித்த தடை நான்கு காரணிகளைச் சுட்டியது: இனத் தோற்றம், ஸ்பானிஷ் பேசுவது அல்லது ஆங்கிலத்தை வேற்று உச்சரிப்புடன் பேசுவது, கார் கழுவுமிடம், பேருந்து நிறுத்தம், தினக்கூலிகள் கூடுமிடம் போன்ற இடங்களில் இருப்பது, செய்யும் வேலையின் வகை. இவற்றைத் தனித்தோ சேர்த்தோ மட்டுமே ஆதாரமாகக் கொண்டு எவரையும் நிறுத்தக் கூடாது என்பதே தடை. மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆகஸ்ட் 1 அன்று தலையிட மறுத்தது. உச்ச நீதிமன்றம் 6க்கு 3 என்ற கணக்கில் அந்தத் தடையை நிறுத்தி வைத்தது. பெரும்பான்மை தரப்பில் காரணம் ஏதும் எழுதப்படவில்லை. நீதிபதி கேவனா மட்டும், முடிவை ஏற்றுத் தம் காரணங்களைக் கூறும் ஓர் இணைக்கருத்தைத் தனியாக எழுதினார். சோட்டோமயோர், கேகன், ஜாக்சன் மூவரும் மறுத்தனர். ஆகவே 'அனுமதித்துவிட்டது' என்பதும் சரியில்லை, 'ஒன்றும் மாறவில்லை' என்பதும் சரியில்லை. சட்டம் 1975இல் நின்ற இடத்திலேயே நிற்கிறது. தடை நீங்கியதால் களத்தில் இருக்கும் அதிகாரிக்குத்தான் வேலை எளிதாகிவிட்டது.

நேர்கோடு:

மேலே எழுதியவரின் வரலாறு சரியானதே. ஆனால் தொனியோடு நான் உடன்படவில்லை. ஒருவரை நிறுத்த அதிகாரிக்குத் தேவையான 'நியாயமான சந்தேகம்' என்பது குற்றத்தை நிரூபிப்பதற்கான அளவுகோல் அன்று. அதைவிட மிகவும் தாழ்ந்த படி. ஓர் அதிகாரி பல சிறு அறிகுறிகளைச் சேர்த்துப் பார்க்கிறார். அவற்றில் ஒன்றைக் கண்ணைமூடிக்கொண்டு விலக்கிவிட வேண்டும் என்று நீதிமன்றம் உத்தரவிட்டால், அவர் மனத்தில் ஓடியதை எல்லாம் பிறகு வழக்கறிஞர்கள் துருவ வேண்டியதாகிவிடும். ஒவ்வொரு நிறுத்தமும் நீதிமன்ற அவமதிப்பு வழக்காக மாறும் அபாயம் உண்டு. கேவனாவும், இனத் தோற்றம் தனியாக நியாயமான சந்தேகத்தை ஏற்படுத்த முடியாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தின் சுமார் 2 கோடி மக்களில் 20 லட்சம் பேர் சட்ட அனுமதியின்றி வசிப்பதாக அவர் சுட்டுகிறார். அந்தச் சூழலில், சட்டப்படி இருப்பவருக்குச் சில நிமிடக் கேள்விகளோடு விஷயம் முடிந்துவிடும் என்பது அவர் வாதம். சங்கடமானதுதான், எனினும் குடியேற்றச் சட்டம் என்று ஒன்று இருக்குமானால், அதைச் செயல்படுத்த யாரையாவது கேள்வி கேட்டுத்தானே ஆக வேண்டும்?

ஏரிக்கரை:

நேர்கோடு அவர்களுக்கு: நீங்கள் எடுத்துக்காட்டிய எண்ணையே வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அந்த வட்டாரத்தில் ஏறத்தாழப் பாதிப்பேர் லத்தீனோ (லத்தீன் அமெரிக்க வம்சாவளி) மக்கள். அனுமதியற்ற 20 லட்சம் பேரும் லத்தீனோக்களே என்று வைத்துக்கொண்டாலும் (அது உண்மையல்ல, ஆசியர்களும் கணிசமாக இருக்கிறார்கள்), தோற்றத்தைப் பார்த்து நிறுத்தப்படும் ஐந்து பேரில் சுமார் நால்வர் சட்டப்படி இருப்பவர்கள் என்றாகிறது. மற்ற மூன்று காரணிகளும் இந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றுவதில்லை. ஏனெனில் அவை வறுமையில் உழைக்கும் லத்தீனோ ஒருவரின் அன்றாட வாழ்க்கையை நான்கு கூறாக்கி எழுதியவை. ஒரே மனிதரை நான்கு முறை எண்ணிவிட்டு நான்கு காரணங்கள் கிடைத்ததாகச் சொல்கிறோம். இனம் 'மட்டுமே' கூடாது என்ற விதி இதனால்தான் யாரையும் காப்பாற்றுவதில்லை. இரண்டாவது காரணம் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் கிடக்கும்.

சில நிமிடக் கேள்விகள் என்ற வாதத்தை சோட்டோமயோரின் மறுப்புரையோடு சேர்த்துப் படியுங்கள். இழுவை வண்டிகள் நிறுத்துமிடத்தில் நின்ற ஓர் அமெரிக்கக் குடிமகனை அதிகாரிகள் உலோக வேலியோடு சேர்த்து அழுத்தி, எந்த மருத்துவமனையில் பிறந்தாய் என்று கேட்டிருக்கிறார்கள். அவரது கைபேசியும் அடையாள அட்டையும் பறிக்கப்பட்டன.

இதற்கெல்லாம் முன்னோடியாக அரிசோனாவின் மாரிக்கோபா கவுன்ட்டி இருக்கிறது. அதைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 1996இல் சேர்க்கப்பட்ட 287(ஜி) என்ற பிரிவின்படி, உள்ளூர்க் காவலர்களுக்கும் குடியேற்றச் சட்டத்தைச் செயல்படுத்தும் அதிகாரத்தை மத்திய அரசு வழங்க முடியும். கவுன்ட்டியின் காவல் தலைவரான ஷெரிஃப் ஜோ அர்பாயோ அந்த அதிகாரத்தைப் பெற்று, குறிப்பிட்ட பகுதிகளில் காவலர்களைக் குவித்துச் சிறு போக்குவரத்து மீறல்களுக்காக வண்டிகளை நிறுத்தும் பெருஞ்சோதனைகளை நடத்தினார். போக்குவரத்து விதியை எவர்தான் மீறுவதில்லை? உச்ச நீதிமன்றத்தின் 1996ஆம் ஆண்டு ரென் தீர்ப்பின்படி, உண்மையான மீறல் ஒன்று இருந்துவிட்டால், அதிகாரியின் உள்நோக்கத்தை 4ஆம் திருத்தம் ஆராய்வதில்லை. எனவே முறைப்படி எல்லாம் சரியாகவே தெரிந்தது. 2007இல், செல்லத்தக்க விசாவோடு வந்த மெக்சிகச் சுற்றுலாப் பயணி ஒருவர், நிறுத்தப்பட்ட வண்டியில் பயணியாக இருந்த பாவத்திற்காகப் பல மணி நேரம் பிடித்து வைக்கப்பட்டார். அவர் பெயரில் தொடங்கிய மெலெண்ட்ரெஸ் வழக்கில், லத்தீனோ மக்களின் அரசியலமைப்பு உரிமைகள் மீறப்பட்டன என்று நீதிபதி முர்ரே ஸ்னோ 2013 மே மாதம் தீர்ப்பளித்தார். ஏட்டுச்சுவடி கவனிக்க வேண்டிய இடம் இது: நீங்கள் தனித்தனித் தடம் என்று கூறிய சமப் பாதுகாப்புக் கோட்பாட்டையும் 4ஆம் திருத்தத்தையும் அந்தத் தீர்ப்பு ஒருசேரப் பயன்படுத்தியது. நீதிமன்ற உத்தரவுகளை மதிக்காததற்காக அர்பாயோ 2017 ஜூலையில் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டார். அடுத்த மாதமே அதிபர் டிரம்ப் மன்னிப்பு வழங்கினார்.

நிறுத்தப்பட்டவரின் குடியேற்ற நிலையை உள்ளூர்க் காவலர்கள் சோதிக்கச் சொன்ன, அதே மாநிலத்தின் 2010ஆம் ஆண்டு எஸ்பி 1070 சட்டத்தின் முதல் வாசகம், இனத்தை 'மட்டுமே' கருதக் கூடாது என்றிருந்தது. எதிர்ப்பு கிளம்பியதும் ஒரு வாரத்திற்குள் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். ஆனால் 'அரசியலமைப்பு அனுமதிக்கும் அளவைத் தவிர' என்ற விலக்கு நிலைத்தது. பிரிக்னோனி-பொன்சே தீர்ப்பு இருக்கும்வரை, முன்வாசலில் வெளியேற்றப்பட்டது பின்வாசலில் நுழைய அதுவே போதும். 2012இல் அந்தச் சட்டம் உச்ச நீதிமன்றத்திற்கு வந்தபோது, இன அடிப்படையிலான நிறுத்தம் தங்கள் வாதத்தில் இல்லை என்று மத்திய அரசின் வழக்கறிஞரே ஒப்புக்கொண்டார். வழக்கு முழுவதும் மத்திய அரசுக்கும் மாநிலத்துக்கும் இடையிலான அதிகாரப் பங்கீட்டைப் பற்றியதாகவே நடந்தது. ஆவணம் கேட்கும் பிரிவு தப்பித்தது.

கரைவாசி:

மூவருக்கும் நன்றி. இரண்டு துணைக்கேள்விகள். தவறாக நிறுத்தப்பட்டவருக்குப் பிறகு என்ன நிவாரணம் இருக்கிறது? கிரீன் கார்டை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டமா, அறிவுரையா?

ஏட்டுச்சுவடி:

ஏரிக்கரை சொன்னது சரி. மாவட்ட நீதிமன்ற அளவில் இரண்டு தடங்களும் மெலெண்ட்ரெஸ் வழக்கில் இணைந்தன. உச்ச நீதிமன்றத்தில் அது நடக்கவில்லை என்பதைத் தெளிவாக எழுதியிருக்கலாம்.

நிவாரணம்தான் இந்தத் துறையின் பலவீனமான பகுதி. குற்ற வழக்கில், சட்டவிரோதமாகப் பெறப்பட்ட சாட்சியத்தை விலக்கச் சொல்லலாம். நாடுகடத்தல் விசாரணையில் அந்த விதி பொதுவாகப் பொருந்தாது என்று 1984இல் லோபெஸ்-மெண்டோசா வழக்கில் 5க்கு 4 என்ற கணக்கில் முடிவாயிற்று; மிகக் கொடிய மீறல்களுக்கு மட்டும் ஒரு சிறு சந்து விடப்பட்டிருக்கிறது. அதிகாரியின் மீது தனிப்பட்ட முறையில் இழப்பீட்டு வழக்குத் தொடுக்கலாமா என்றால், எல்லைக் காவல் அதிகாரி தொடர்பான எக்பர்ட் வழக்கில் 2022இல் அந்த வழியும் ஏறக்குறைய அடைக்கப்பட்டது. இனி இப்படி நடக்கக் கூடாது என்று தடை கேட்டால், உங்களையே மீண்டும் நிறுத்துவார்கள் என்பதற்கு என்ன உறுதி என்று 1983ஆம் ஆண்டின் லயன்ஸ் தீர்ப்பைக் காட்டிக் கேட்பார்கள். கேவனா அதைத்தான் செய்தார். எஞ்சியிருப்பது மத்திய அரசின் மீதான இழப்பீட்டுச் சட்டம். நிகழ்ந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் முதலில் உரிய துறையிடம் எழுத்து மூலம் கோரிக்கை வைக்க வேண்டும். அது மறுக்கப்பட்ட பிறகே நீதிமன்றம். நேர்கோடு அவர்கள் சொன்ன 'யாரையாவது கேள்வி கேட்டுத்தானே ஆக வேண்டும்' என்பதை நான் ஏற்கிறேன். தவறாகக் கேட்டால் கேட்டவருக்கு ஏதாவது விலை இருக்க வேண்டும் என்பதே என் மறுப்பு.

அட்டையைப் பொறுத்தவரை அது சட்டமே. குடிமகன் அல்லாத, 18 வயது நிரம்பிய எவரும் தமது பதிவு ஆவணத்தை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும்; தவறினால் சிறுகுற்றம். குடிமக்களுக்கு அத்தகைய கடமை ஏதுமில்லை. அதனால் நேர்வது என்னவென்றால், குடிமகனாக இருந்தும் குடிமகனாகத் தோன்றாதவர், இல்லாத கடமையை நிறைவேற்ற வேண்டிய நிலைக்குத் தள்ளப்படுகிறார். இந்தக் கடமைக்கு நீண்ட வேர் உண்டு: 1892ஆம் ஆண்டின் கியரி சட்டம் சீனத் தொழிலாளர்களை மட்டும் வசிப்புச் சான்றிதழ் வைத்திருக்கச் சொன்னது, இல்லாமல் பிடிபட்டவர் தம் நிலையை நிரூபிக்க நம்பத்தகுந்த வெள்ளையர் ஒருவரையாவது சாட்சியாகக் கொண்டுவர வேண்டும் என்றது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது.

எனவே அசல் அட்டையை உடன் வைத்திருங்கள்; நகலை வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். நிறுத்தப்பட்டால், நான் போகலாமா என்று நிதானமாகக் கேட்கலாம். போகலாம் என்றால் போய்விடுங்கள். இல்லையென்றால் அட்டையைக் காட்டுங்கள், பிற கேள்விகளுக்குப் பதில் சொல்லாமல் அமைதியாக இருக்க உங்களுக்கு உரிமை உண்டு, பொய்யான தகவலை மட்டும் ஒருபோதும் தராதீர்கள். எந்தத் துறை, எந்த நேரம், எந்த இடம் என்பதை அன்றே எழுதி வைத்துக்கொண்டு, குடியேற்ற வழக்குகளை நடத்தும் வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டுங்கள்; நான் எழுதியது பொது விளக்கம், உங்கள் நிலைக்கான சட்ட ஆலோசனை அன்று.