ஈசிஜி தாளில் "செப்டல் இன்ஃபார்க்ட்" என்று மெஷின் அடித்திருக்கிறது. எப்படிப் பார்ப்பது?

அம்பைக்காரன்:
அம்மாவுக்கு வயசு 58. சுகருக்கு மாத்திரை சாப்பிடுதாங்க. நெஞ்சுவலி, மூச்சுவாங்கல் எதுவும் கிடையாது. கண்புரை ஆபரேஷனுக்கு முன்னால எடுக்கச் சொன்ன ஈசிஜி இது. தாள் மேல மெஷினே அடிச்சிருக்கது: "சினஸ் ரிதம். செப்டல் இன்ஃபார்க்ட், ஏஜ் அன்டிடெர்மின்டு. அப்நார்மல் ஈசிஜி. அன்கன்ஃபர்ம்டு." ரேட் 84, பிஆர் 162, கியூஆர்எஸ் 88, கியூடி/கியூடிசி 372/440. டாக்டரைத் திங்கக்கிழமைதான் பாக்க முடியும். இன்ஃபார்க்ட்னா மாரடைப்புன்னு நெட்ல போட்டிருக்கு. வீட்டுல எல்லாரும் பயந்து போய் இருக்கோம்.

பாளை டெக்னீஷியன்:
தம்பி, அன்கன்ஃபர்ம்டுன்னா டாக்டர் கண்ணு இன்னும் அந்தத் தாள்ல படலைன்னு அர்த்தம். மெஷின் கோட்டை அளந்து, தனக்குள்ள இருக்க விதியோட ஒப்பிட்டு வாசகம் அடிக்கும். அவ்வளவுதான்.

சினஸ் ரிதம்னா இயல்பா ஆரம்பிக்கிற துடிப்பு. செப்டல்னா இதயத்தோட நடுச்சுவர். ஏஜ் அன்டிடெர்மின்டுன்னா எப்ப வந்ததுன்னு தெரியலைன்னு அர்த்தம். நெஞ்சுல ஒட்டுற வி1, வி2 லீடுல (லீடுன்னா ஒவ்வொரு கோணத்துலயும் இதயத்தைப் பாத்து வரையுற கோடு) முதல்ல மேல எழும்பணும் ஒரு சின்ன ஆர் அலை. அது இல்லைன்னா இந்த வாசகம் வரும். பழைய மாரடைப்புத் தழும்பு இருந்தாலும் அந்த அலை மறையும். நெஞ்சுல ஒட்டுற ரப்பர் பல்பை (மின்சாரத்தைப் பிடிக்கிற முனை) ஒரு விலா இடைவெளி மேல ஒட்டினாலும் மறையும். எதுனால மறைஞ்சுதுன்னு மெஷினுக்குத் தெரியாது. பல்பை மேல ஒட்டுறது ரொம்ப சாதாரணமா நடக்குற தப்பு, பெண்களுக்கு எடுக்கும்போது கூச்சத்துல அவசரமா ஒட்டிருவாங்க.

சரியான இடம் நாலாவது விலா இடைவெளி. தொண்டைக்குழியில விரலை வச்சு நெஞ்செலும்பு மேலயே கீழ இறக்கினா ஒரு மேடு தட்டுப்படும். அதுக்கு நேரா ரெண்டாவது விலா எலும்பு. அதுக்குக் கீழ உள்ள பள்ளம் ரெண்டாவது இடைவெளி. இன்னும் ரெண்டு பள்ளம் இறங்கணும். நெஞ்செலும்புக்கு வலது ஓரம் வி1, இடது ஓரம் வி2.

தாள்ல ஒண்ணு பாருங்க. வி2-ல, பெரிய அலைக்கு முன்னால வர்ற குட்டி பி அலை கீழ்நோக்கி இருக்கா? இருந்தா பல்பு மேல இருந்துருக்கன்னு சந்தேகப்படலாம். அப்படியே லீட் 1-ஐயும் பாத்துக்கிடுங்க. அதுல எல்லா அலையும் தலைகீழா, ஏவிஆர் லீடுல நிமிர்ந்து இருந்தா ரெண்டு கை வயரும் மாறிருக்கும்.

கட்டம் எண்ணுபவர்:
எண்களில் பயப்பட ஒன்றும் இல்லை. பிஆர் (மேலறையில் தொடங்கிய மின்துடிப்பு கீழறைக்கு வர ஆகும் நேரம்) 120 முதல் 200 மில்லிசெகண்டு வரை சரி. கியூஆர்எஸ் (அது கீழறைகளில் பரவ ஆகும் நேரம்) 120-க்குக் கீழே இருக்க வேண்டும். கியூடிசி (கீழறை துடித்து அடுத்த துடிப்புக்குத் தயாராகும் நேரமான கியூடியை, துடிப்பு வேகத்துக்கு ஏற்பத் திருத்திய எண்) பெண்களுக்கு 460, ஆண்களுக்கு 450 வரை பரவாயில்லை. துடிப்பு வேகமாக இருக்கும்போது பல மெஷின்களில் உள்ள பாஸெட் கணக்கு கியூடிசியைக் கூட்டிக் காட்டும். 100-க்கு மேல் ரேட் இருந்தால் அந்த எண்ணை மட்டும் வைத்து முடிவுக்கு வரக்கூடாது.

ரேட்டை நீங்களே சரிபார்க்கலாம். தாளின் அடியில் 25 மிமீ/செகண்டு என்று இருக்கிறதா பாருங்கள். அடுத்தடுத்த இரண்டு உயரமான முனைகளுக்கு இடையே உள்ள சின்னக் கட்டங்களை எண்ணி, 1500-ஐ அதனால் வகுங்கள். 18 கட்டம் என்றால் சுமார் 83. மெஷின் அதில் இருமடங்கு சொன்னால், பெரிய அலைக்குப் பின்னால் வரும் டி அலையையும் துடிப்பாக எண்ணியிருக்கலாம். கை நடுக்கத்தில் அடிக்கோடு குலுங்கினால் "ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்" (இதய மேலறை ஒழுங்கில்லாமல் நடுங்குவது) என்றுகூடத் தவறாக அடிக்கும்.

ஸ்டாஃப் நர்ஸ் அக்கா:
இன்ஃபார்க்ட்னு அடிச்சதுக்குப் பயப்படுறாங்க, "நார்மல் ஈசிஜி"ன்னு அடிச்சா நிம்மதியாப் போயிருதாங்க. எனக்கு அந்த ரெண்டாவதுதான் பெரிய கவலை. மாரடைப்பு ஆரம்பிக்கும்போது முதல் ஈசிஜி நார்மலா வரலாம். அதனாலதான் வலி இருக்கவங்களுக்கு 15–30 நிமிஷத்துல திரும்ப எடுக்கோம், இதயத் தசை பாதிச்சிருக்கான்னு சொல்ற ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் பாக்கோம். சுகர் உள்ளவங்களுக்கு வலியே தெரியாம மாரடைப்பு வந்து போயிருக்கவும் வாய்ப்பு உண்டு. அதனால அம்மா தாளை "சும்மா மெஷின் கோளாறு"ன்னு ஒதுக்கவும் வேண்டாம்.

திங்கக்கிழமைக்குள்ள நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவுற வலி, வேர்த்துக் கொட்டுறது, மூச்சு முட்டுறது, காரணமில்லாத அசதி எது வந்தாலும் கேஸ்னு சோடா குடுத்துட்டு இருக்காதீங்க. 108-ஐக் கூப்பிடுங்க. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துலயே முதல் டோஸ் மாத்திரை குடுக்க 2023-லயே "இதயம் காப்போம்" திட்டம் வந்தாச்சு.

அம்பைக்காரன்:
அக்கா, அண்ணாச்சி, ரொம்ப நன்றி. வி2-ல பி அலை கீழதான் இருக்கு. லீட் 1 நேரா இருக்கு.

பாளை டெக்னீஷியன்:
அப்போ திங்கக்கிழமை டாக்டர்ட்ட "வி1, வி2-ஐ நாலாவது இடைவெளியில வச்சு இன்னொரு தடவை எடுக்கலாமா"ன்னு கேளுங்க. அந்த வாசகம் மறைஞ்சாலும், சுகர் இருக்கதால எக்கோ (இதய ஸ்கேன்) வேணுமான்னு அவர்தான் சொல்லணும். இதயச் சுவர் எல்லா இடத்துலயும் ஒழுங்காச் சுருங்குதான்னு எக்கோவுல நேராத் தெரியும்.

பழைய ஈசிஜி இருந்தா கட்டாயம் கொண்டு போங்க, ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாத்தா டாக்டருக்குப் பாதி வேலை முடிஞ்சுது. இந்தத் தாள் சூடு பட்டா கறுக்கும், நாள்பட்டா மங்கும். லேமினேட் பண்ணாதீங்க. இன்னைக்கே நல்ல வெளிச்சத்துல, கட்டம் தெளிவாத் தெரியுற மாதிரி முழுத் தாளையும் போட்டோ எடுத்து, ஒரு ஜெராக்ஸும் போட்டு வச்சிக்கிடுங்க.