சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஊருக்குத் திரும்பும் அக்கா

நான் பிறந்து வளர்ந்தது சென்னை சிந்தாதிரிப்பேட்டையில். எட்டுக் குடித்தனம் இருந்த ஒரு பழைய வீட்டில் நாங்களும் ஒரு குடித்தனம். 2019-இல் வீட்டுக்காரர் இடித்துக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டார். அதே தெருவில் வேறு வீடு தேடினோம். வாடகை கூடப் பரவாயில்லை, பத்து மாத அட்வான்ஸ் எங்களால் புரட்ட முடியவில்லை. சென்னையின் தெற்கு ஓரத்தில் இருக்கும் மேடவாக்கத்துக்கு வந்துவிட்டோம். எங்கள் கதை இவ்வளவுதான். நான் சொல்ல வந்தது ஓர் அக்காவைப் பற்றி.

மேடவாக்கம் பஸ் ஸ்டாப்பில் ஒருநாள் தோளைத் தொட்டு ஒரு குரல்: “நீ தையக்காரம்மா பொண்ணுதானே?” சிந்தாதிரிப்பேட்டை மீன் மார்க்கெட்டில் மீன் ஆய்ந்து கொடுக்கும் அக்கா. சின்ன வயதில் அவருடைய அரிவாள்மணை முன்னால் குத்துக்காலிட்டு வேடிக்கை பார்த்திருக்கிறேன். கூவம் கரையில் இருந்தது அவர் வீடு. 2015 வெள்ளத்துக்குப் பிறகு கரையோரக் குடும்பங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக, மேடவாக்கத்துக்குப் பக்கத்தில் பெரும்பாக்கத்தில் அரசு கட்டிய அடுக்குமாடி வீடுகளுக்கு அனுப்பினார்கள். அக்கா வீட்டை எடுத்தது அரையாண்டுப் பரீட்சை சமயம். பையன் அந்தப் பரீட்சையை எழுதவே இல்லை. அப்புறம் பள்ளிக்கூடம் பக்கம் போகவும் இல்லை.

அவர் வீட்டுக்குப் போனேன். எட்டு அடுக்குக் கட்டடம், அக்கா இருப்பது ஆறாவது மாடி. லிஃப்ட் ஓடவில்லை. வீடு நன்றாகத்தான் இருக்கிறது, அதை மறைக்கக் கூடாது. “கக்கூஸ் உள்ளயே இருக்கு, தளம் போட்ட வீடு, பேருக்கு ஒரு கதவு இருக்கு” என்று அக்காவே சொன்னார். ஆனால் வெள்ளத்துக்குப் பயந்து கொண்டுவந்து விட்ட இடம் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தின் ஓரம். 2023 டிசம்பர் புயலில் பெரும்பாக்கமும் தண்ணீரில் நின்றது.

சரி, வேலை? மீன் ஆய இங்கே யார் கூப்பிடுவார்கள்? வாடிக்கை எல்லாம் அங்கேதான். நடந்து போய்ச் செய்த வேலைக்கு இப்போது 20 கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் போகிறார். 2021-இல் சாதாரணக் கட்டணப் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் வந்த பிறகுதான் கையில் நாலு காசு நிற்கிறது என்றார். ஞாயிற்றுக்கிழமைதான் நல்ல வியாபாரம்; அன்று மீன் வண்டி விடியும் முன்பே வந்துவிடும். முதல் பஸ் பிடித்தாலும் போய்ச் சேர முடியாது. அதனால் சனிக்கிழமை ராத்திரியே போய், பூட்டிய ஒரு கடை வாசலில் அரிசிச் சாக்கை விரித்துப் படுத்துக்கொள்கிறார். அரிவாள்மணையைத் துணியில் சுற்றித் தலைமாட்டில் வைத்துக்கொள்வாராம். பிறந்த ஊரில் திண்ணை கூட இல்லாமல் ஒரு பெண்பிள்ளை தெருவில் படுப்பதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

1734-இல் நெசவாளர்களைக் குடியேற்ற உருவான பேட்டை அது. ‘சின்னத் தறிப் பேட்டை’தான் சிந்தாதிரிப்பேட்டை ஆனது என்பார்கள். தறி இருக்கும் இடத்திலேயே வீடு. கிழக்கிந்தியக் கும்பினிக்காரனுக்குத் தெரிந்திருந்தது, தறிக்காரன் எங்கே இருக்க வேண்டும் என்று. 1970-இல் குடிசை மாற்று வாரியம் தொடங்கிய காலத்திலும், குடிசை இருந்த இடத்திலேயே மாடி வீடு கட்டுவதுதான் வழக்கமாக இருந்தது. பட்டினப்பாக்கம் போய்ப் பார்த்தால் தெரியும். அப்புறம் குடிசைக்காரர்களை வேறு இடத்தில் கொண்டுபோய்க் குடியேற்ற 2000 வாக்கில் கண்ணகி நகர் வந்தது, 2004 சுனாமிக்குப் பிறகு செம்மஞ்சேரி, அப்புறம் பெரும்பாக்கம். ஒவ்வொன்றும் ஊருக்கு வெளியே.

எங்கள் பழைய வீடு இருந்த இடத்தில் இப்போது கீழே கார் நிறுத்தும் அடுக்குமாடி. எட்டுக் குடித்தனத்தில் ஒன்று கூடத் திரும்பி வரவில்லை. பின்சந்தில் வடநாட்டுப் பையன்கள் ஒரே அறையில் எட்டுப் பேர், பத்துப் பேராகத் தங்குகிறார்கள். அவர்கள் மேல் எனக்குக் கோபமே இல்லை. வேலைக்குப் பக்கத்தில் தலைசாய்க்க இடம் தேடி வந்தவர்கள்தானே.

போன ஞாயிற்றுக்கிழமை வேண்டுமென்றே அங்கே போய் மீன் வாங்கினேன். செதிலை வழித்துக்கொண்டே, நிமிராமல் அக்கா கேட்டார்: “உங்க பழைய தெருவுல மாடிப்படிக்குக் கீழ எடம் எதாச்சும் காலியா இருந்தா சொல்லும்மா. சனிக்கிழமை ராத்திரி மட்டும் போதும். மழைக்காலம் வருது.”

விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.