சின்னப் பிள்ளையின் கைக்கு அடங்குகிற துவக்கு: திருகோணமலையிலிருந்து சில அனுபவங்கள்

உவர்மலை, ஆறு வயதுப் பொடியனின் அப்பா

திருவிழாக் கடையில் விற்கும் பிளாஸ்டிக் குண்டுத் துவக்கைச் சின்னப் பிள்ளைகள் எப்படி இழுத்துப் பூட்டுகிறார்கள் என்று கிட்ட நின்று பாருங்கள். மேல்மூடியைப் பின்னுக்கு இழுக்க அந்தக் கைகளில் பலம் கிடையாது. அதனால் பிடியை இரண்டு முழங்காலுக்கும் நடுவில் இறுக்கி, குழல்வாய் நேரே முகத்தைப் பார்க்க, குனிந்து இரண்டு கையாலும் மேல்மூடியைக் கீழே அமத்துவார்கள். என் மகன் அப்படிக் குனிந்து நின்றதைக் கண்டதும் அந்தக் கறுப்புத் துவக்கை வாங்கி அலுமாரிக்கு மேலே வைத்தேன். வேறொன்று செய்து தருகிறேன் என்று வாக்கும் கொடுத்தேன்.

பிள்ளை தன் கையால் சுகமாக இழுக்கக்கூடிய ஸ்பிரிங்தான் பிள்ளைக்கு ஏற்ற ஸ்பிரிங். இழுக்கக் கஷ்டமில்லை என்றால் குண்டும் உறைப்பாகப் போகாது. போட்ட சக்திதானே வெளியே வரும்?

கடைத் துவக்கின் உள்ளே இருந்த சிலிண்டரையும் குழலையும் விசையையும் மட்டும் எடுத்துக்கொண்டேன். ஸ்பிரிங்கை வெட்டினால் போதும் என்று எல்லோரும் சொன்னார்கள். அது பாதிதான் சரி. 20 சுற்று உள்ள ஸ்பிரிங்கில் 5 சுற்றை வெட்டி எறிந்தால், மிஞ்சுகிற 15 சுற்றும் முன்னையதைவிட மூன்றில் ஒரு பங்கு இறுக்கமாகிவிடும். நீளம் குறைவதால் இழுப்பின் தொடக்கம் லேசாக இருக்கும், முடிவில் அவ்வளவு லேசாகாது. பிள்ளை தடுமாறுவதே அந்தக் கடைசி இடத்தில்தான். கம்பியின் தடிப்பை மாற்றுவதுதான் நல்ல வழி. சுற்றும் அகலமும் அப்படியே இருக்க, கம்பி 1 மில்லிமீற்றரிலிருந்து 0.8 ஆகக் குறைந்தால் இறுக்கம் 41 சதவீதத்துக்கு இறங்கும். தடிப்பின் நாலாம் அடுக்கில் கணக்கு போவதால் அவ்வளவு வித்தியாசம். ஹார்ட்வெயார் கடையில் ஒரு ஸ்பிரிங்கைக் கையில் எடுத்து, கம்பியை அளக்காமல் அமத்திப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள்.

பிறகு வேகம் பார்த்தேன். அதற்கென்று மெசின் ஏதும் தேவையில்லை. குழல்வாயிலிருந்து 2 மீற்றர் தள்ளி ஒரு தகரத்தைத் தொங்கவிட்டு, போனில் ஒலியைப் பதிவு செய்யுங்கள். சுடும் சத்தமும் தகரத்தில் படும் சத்தமும் அலையில் இரண்டு முட்டாகத் தெரியும். இடைவெளியிலிருந்து, சத்தம் திரும்பி வர எடுக்கும் 6 மில்லிசெக்கனைக் கழித்துவிட வேண்டும். குண்டு 0.08 செக்கன் எடுத்தால் வேகம் செக்கனுக்கு 25 மீற்றர். 0.12 கிராம் குண்டுக்கு அது 0.04 யூலுக்கும் குறைந்த இயக்கசக்தி. ஒப்பிட்டுப் பார்க்க ஜப்பானைச் சொல்கிறேன். பெரியவர்கள் விளையாடும் துவக்குகளுக்கு அங்கே 2006 இல் சட்டத்தைத் திருத்தி 0.98 யூல் என்று எல்லை போட்டார்கள். 10 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கென்று அங்கே செய்பவை 0.135 யூலுக்குள் நிற்கும். ஆறு வயதுக்கு அதிலும் கீழே போவதுதான் எனக்குச் சரியாகப்பட்டது.

உடம்பு முள்முருக்குப் பலகை. காய்ந்தால் கையில் கனமே தெரியாது, அரத்துக்கும் இளகிக் கொடுக்கும். முழங்கையின் உள்மடிப்பிலிருந்து சுட்டுவிரல் வரை மகனின் கையை அளந்து, தோளில் வைக்கும் பின்கட்டையை அந்த நீளத்துக்கே வெட்டினேன். கடைத் துவக்குகளில் இந்த அளவு பெரியவர்களுக்குரியது. பிள்ளை கழுத்தை வளைத்து, கன்னத்தைத் தூக்கி, கண் போன இடத்தில் சுடுவதற்குக் காரணம் அதுதான். மேல்மூடிக்குப் பதில் பின்னால் ஒரு மரக்குமிழ் வைத்தேன். ஒரு கையால் கட்டையைப் பிடித்து மறுகையால் குமிழை இழுக்கும்போது குழல்வாய் தானாகவே முன்னுக்குத்தான் பார்க்கும். பெயின்ட் நல்ல மஞ்சள், வாயில் செம்மஞ்சள். கறுப்பு ஒரு சொட்டும் இல்லை.

சுடுவதற்குப் பழைய சாரம் ஒன்றைக் கொடியில் தளர்வாகத் தொங்கவிட்டிருக்கிறோம். குண்டு துணியில் பட்டுத் தெறிக்காமல் அப்படியே கீழே தட்டில் விழும். சுவரில் சுட்டால் திரும்பி வரும், தெரியும்தானே.

கிண்ணியா, இரண்டு பிள்ளைகளின் உம்மா

சகோதரர் எழுதியது சரி. ஆனால் கண்ணாடியைப் பற்றி ஒரு வரியும் இல்லையே! நான் அதைச் சொல்லத்தான் வந்தேன்.

பெருநாள் காசு கையில் வந்ததும் எங்கட ஊர்ப் பொடியன்கள் ஓடுவது துவக்குக் கடைக்குத்தான். நானாவின் மகனுக்கு அப்படியான ஒரு பெருநாள் பின்னேரம் குண்டு கண்ணில் பட்டது. சுட்டது அடுத்த வீட்டுப் பிள்ளை, இரண்டு பேரும் உயிர்க் கூட்டாளிகள். அழுதுகொண்டு வந்தவனின் கையை விலக்கிப் பார்த்தேன். வெளியில் காயம் இல்லை. கொஞ்ச நேரத்தில் கறுப்பு முழியின் கீழ் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு தெரிந்தது. கண்ணுக்குள்ளே இரத்தம் இறங்கித் தேங்கி நிற்கிறது என்று டொக்டர் சொன்னார். தலையை உயர்த்திப் படுக்கவைத்து, ஓட விடாமல், குனிய விடாமல் வைத்திருந்தார்கள். பார்வை திரும்பியது, அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் இப்படி அடிபட்ட கண்ணில் பல வருடம் கழித்தும் அழுத்தம் கூடலாமாம். அவனுக்கு இப்போதும் ஒழுங்காகக் கண் அழுத்தம் பார்க்கிறார்கள்.

டொக்டர் விளக்கிய ஒரு விஷயம் என் மனதை விட்டுப் போகவில்லை. கிரிக்கெட் பந்து முகத்தில் பட்டால் கண்ணைச் சுற்றியுள்ள எலும்புதான் பெரும்பாலான அடியை வாங்கும். 6 மில்லிமீற்றர் குண்டுக்கு அந்த எலும்பு தடையே இல்லை, நேரே உள்ளே போய்விடும். அதனால், துவக்கு எவ்வளவு லேசானது என்றாலும் கண்ணாடி இல்லாமல் இல்லை. சுடுகிற பிள்ளைக்கு மட்டும் போட்டால் போதாது. பக்கத்தில் நிற்கிற தங்கச்சிக்கும், எடுத்துக் கொடுக்கிற வாப்பாவுக்கும் போட வேண்டும்.

வெயில் கண்ணாடி வேண்டாம், உடைந்தால் அதன் துண்டே கண்ணைக் குத்தும். கிரைண்டர் வேலைக்கு விற்கும் பொலிகாபனேற் கண்ணாடிகளில் சட்டத்தில் இஎன் 166 என்ற ஐரோப்பியத் தர எண்ணும் எஃப் என்ற எழுத்தும் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த எழுத்து போட வேண்டுமென்றால் 0.86 கிராம் உருக்குக் குண்டு செக்கனுக்கு 45 மீற்றர் வேகத்தில் பட்டாலும் அது தாங்க வேண்டும். சகோதரரின் மஞ்சள் துவக்குக்கு அது தாராளம்.

சாம்பல்தீவு, தச்சு வேலை

தம்பி, முள்முருக்கு நல்ல தெரிவு. பச்சையாக வெட்டாமல் நிழலில் காயவிட்டு எடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும்.

நான் பேரப்பிள்ளைகளுக்கு ஸ்பிரிங்கே வைப்பதில்லை. நாங்கள் சின்ன வயதில் அடித்த மூங்கில் துவக்குத்தான். ஒரு கணு இல்லாத மூங்கில் குழாய், அதற்குள் இறுக்கமாக ஓடும் ஒரு கம்பு. நனைத்த கடதாசி உருண்டை ஒன்றை வாயில் அடைத்து, இன்னொன்றைப் பின்னால் வைத்துக் கம்பால் தள்ளினால் நடுவில் அகப்பட்ட காற்று முன்னதை ‘டப்’ என்று தள்ளிவிடும். பிள்ளையின் கை எவ்வளவு தள்ளுகிறதோ அவ்வளவுதான் பலம். இப்போது கடதாசிக்குப் பதில் பழைய பாட்டா செருப்பை வட்டத் துளைப்பானால் வெட்டிப் போடுகிறேன். ஒரு அங்குலத் துண்டு மெத்தென்று இருக்கும். மூக்குக்குள் போகாது. கைக்குழந்தை இருக்கிற வீட்டில் அந்தச் சின்னக் குண்டுகளை நான் விடவே மாட்டேன். ஒன்று கட்டிலுக்குக் கீழே உருண்டால் முதலில் கண்டெடுப்பது தவழ்கிற பிள்ளைதான்.

மனையாவெளி, ஒரு மகள், ஒரு அம்மா

நீங்கள் எல்லோரும் ஸ்பிரிங்கையும் கண்ணையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள். எங்கள் வீட்டில் பிரச்சினை நிறம்.

என் மகன் கூட்டாளியின் கறுப்புத் துவக்கை இரவல் வாங்கி வந்தான். அம்மா படியிலேயே மறித்துவிட்டா. “இத வீட்டுக்குள்ள கொண்டு வராத அப்பன்” என்றதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. கை மட்டும் கதவுநிலையை விடவில்லை. பொடியனுக்கு எதுவும் விளங்கவில்லை, அவன் பிறந்தது போர் எல்லாம் முடிந்த பிறகு. 2006 ஜனவரி 2 ஆம் திகதி கடற்கரையில் ஐந்து மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட ஊர் இது. அம்மாவின் வயதுக்காரர்கள் கறுப்பாய் நீளமாய் ஒன்றைக் கண்டால் அது விளையாட்டுச் சாமானா என்று முதலில் யோசிக்க மாட்டார்கள். யோசிக்கச் சொல்லிக் கேட்கவும் எனக்கு மனம் வரவில்லை.

பக்கத்து ஒழுங்கைப் பொடியன் ஒருவன் அதே மாதிரித் துவக்கைச் சைக்கிள் காண்டிலில் தொங்கவிட்டுக்கொண்டு கோட்டைப் பக்கம் போயிருக்கிறான். காவலில் நின்றவர் மறித்து வாங்கிப் பார்த்துவிட்டு, தகப்பனைக் கூப்பிட்டு, தூரத்திலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது, ரோட்டுக்கு அனுப்பாதீர்கள் என்று பக்குவமாகச் சொல்லியிருக்கிறார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. மறிக்கிறவருக்குக் கிடைப்பது ஒரு கணம்தான்.

உவர்மலை அண்ணா மஞ்சள் அடித்ததைப் படித்ததும் அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். மஞ்சள் என்றால் முற்றத்தில் வைத்து விளையாடட்டும், ஆனால் ஆளைப் பார்த்து நீட்டக்கூடாது என்றா. அது எங்கள் வீட்டுச் சட்டமாகிவிட்டது. சாரத்தைப் பார்த்து நீட்டலாம், தகரத்தைப் பார்த்து நீட்டலாம். பூனையைப் பார்த்தும் கூடாது. அண்ணா, அந்த மெல்லிய ஸ்பிரிங்கை எங்கே எடுத்தீர்கள்? இங்கே கடைகளில் எல்லாமே தடிப்பாக இருக்கிறது.

உவர்மலை, அதே அப்பா

தங்கச்சி, கடையில் தேடாதீர்கள். முடிந்துபோன ஷாம்பு, கைகழுவும் சவர்க்காரப் போத்தல்களின் பம்பைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே ஒரு மெல்லிய ஸ்பிரிங் இருக்கும், அனேகமாகத் துருப்பிடிக்காத உருக்கு. எங்கள் உப்புக்காற்றுக்கு அதுதான் நிற்கும், சாதாரண ஸ்பிரிங் ஒரு மாரி முடியமுன் துருவேறி விசையில் சிக்கும். நீளம் போதாவிட்டால் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, நடுவில் ஒரு வாஷர் போடுங்கள். இரண்டு தொடராக நிற்கும்போது இறுக்கம் பாதியாகும், உங்களுக்கு வேண்டியதும் அதுதான். சிலிண்டருக்குள் நடுக்கம்பி ஒன்று இருந்தால் ஸ்பிரிங் வளையாது.

கிண்ணியாச் சகோதரி, கண்ணாடி மகனுக்குப் பெரிதாக இருந்ததால் காதுக்கம்பிகளைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கமும் அகல எலாஸ்டிக் தைத்துத் தலையைச் சுற்றிப் போட்டிருக்கிறேன். மூக்கடியில் இடைவெளி விடுகிறதா என்று பார்த்து, அந்த இடத்தில் ஸ்பொஞ் ஒட்டுங்கள். கண்ணாடியையும் துவக்கையும் ஒரே பையில் வைத்து, பையை நான்தான் எடுத்துக் கொடுப்பேன்.