மூழ்கிய நகரக் கதைகள்: பழையதை மறுபடி படித்தவர்கள் உண்டா?

வியாசர்பாடிவாசி:
கல்லூரி நாட்களில் அல்லிக்குளம் பழைய புத்தகக் கடையில் ஜே. ஜி. பாலார்டின் 'தி டிரவுண்ட் வேர்ல்ட்' (1962) வாங்கினேன். சூரியன் சூடேறி, பனி உருகி, லண்டன் காயலாகிக் கிடக்கும் கதை. ஸ்ட்ராங்மேன் என்பவன் ஒரு காயலை வற்ற இறைத்துவிடுவான். லெஸ்டர் சதுக்கம் சேறும் பாசியுமாக வெளியே வரும். நாயகன் கெரன்ஸுக்கு அது பொறுக்காது. வெடி வைத்துத் தண்ணீரை மறுபடி உள்ளே விட்டுவிடுவான். இருபது வயதில் அந்த இடத்தைப் படித்துவிட்டு ராத்திரி தூக்கமே வரவில்லை. அவ்வளவு பிடித்திருந்தது.

2023 டிசம்பர் புயலில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர். நாங்களே காசு போட்டு டீசல் மோட்டார் பிடித்து இறைத்தோம். பக்கத்து வீட்டு அக்கா ஊறிப்போன அரிசி மூட்டையை வாசலில் கவிழ்த்தார். அந்தப் புளித்த வாடை ஒரு வாரம் போகவில்லை. போன மாதம் அதே புத்தகத்தை எடுத்தேன். கெரன்ஸ் வெடி வைக்கிற இடத்தில் மூடிவிட்டேன். அந்தச் சேற்றை வாரிப்போட ஒரு ஆளாவது கதையில் இருக்கக் கூடாதா?

அப்புறம் கிம் ஸ்டான்லி ராபின்சனின் 'நியூயார்க் 2140' (2017). கடல் ஐம்பது அடி ஏறிய ஊர். அதில் விளாட் என்று ஒருவர், அடுக்குமாடிக் கட்டடத்தைப் பார்த்துக்கொள்பவர். கீழ்த்தளத்தில் எங்கே கசிகிறது என்று தேடிக்கொண்டே இருப்பார். எனக்கு அவரைக் கட்டிப்பிடிக்கத் தோன்றியது. பாலார்டை இன்றும் ரசிக்கிறவர்கள் எப்படிப் படிக்கிறீர்கள்?

பெரம்பூர் வாசகி:
தம்பி, பாலார்ட் சிறுவயதில் ஷாங்காயில் ஜப்பானியர் முகாமில் அடைபட்டிருந்தவர். வளர்ந்த ஊர் கைவிட்டுப் போவதைப் பார்த்த பையன். அவர் எழுதும் வெள்ளம் மனசுக்குள் ஏறுவது. அதனால்தான் கெரன்ஸின் கனவிலெல்லாம் சூரியன் துடிக்கிறது. வெள்ள நிவாரணக் கதையாக அதைப் படித்தால் ஏமாற்றம்தான். ராபின்சன் எனக்கும் பிடிக்கும், ஆனால் பங்குச் சந்தை விளக்கம் வரும் பக்கங்களைத் தாண்டித்தான் போனேன்.

எண்ணூரான்:
அண்ணா, ராபின்சனுடைய 'தி மினிஸ்ட்ரி ஃபார் தி ஃபியூச்சர்' (2020) முதல் அத்தியாயம் படியுங்கள். உத்தரப் பிரதேசத்தில் வெப்ப அலை, கரண்ட் இல்லை. ஜனங்கள் ஏரியில் இறங்குவார்கள், ஏரித் தண்ணீரும் சுடும். மூன்று நாள் எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை.

பாலார்ட் கதையில் பழி சூரியன் மேல். நீங்கள் சொன்ன அதே டிசம்பரில் வெள்ளத்தோடு வந்த எண்ணெய்க் கறை எங்கள் வீட்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு இருக்கிறது. இரண்டு முறை வெள்ளையடித்தும் மஞ்சளாகத் தெரிகிறது. சூரியனைக் காரணம் சொல்லும் கதை எனக்கு இனி ஒட்டாது.

வியாசர்பாடிவாசி:
அக்கா, முகாம் விஷயம் எனக்குத் தெரியாது. மூடிவைத்த பக்கத்திலிருந்து இன்று ராத்திரி தொடர்கிறேன். எண்ணூர் தம்பி, 'நியூயார்க் 2140' என்னிடம் இருக்கிறது. மூலக்கடை பக்கம் வந்தால் சொல், கொண்டுவந்து தருகிறேன்.